உடைந்த பலகைகளும் பெட்டிக்குள்தான் இருந்தன

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. நான்கு வருடமாக இஸ்ரேலில், ஹைஃபா நகரில், 88 வயதான ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பாட்டி ருமேனியாவில் யாஷ் என்ற ஊரில் பிறந்தவர். நான் வந்த புதிதில் தினமும் காலையில் ஒரு சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எழுந்து நின்று, சத்தமே வராமல் உதடு மட்டும் அசைய ஜெபிப்பார். இப்போது மறதி நோய் முற்றிவிட்டது. புத்தகத்தைத் திறக்கிறார், ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பாதியில் நின்று அழுகிறார். "மேலே போகவில்லை, என் ஜெபம் மேலே போகவில்லை" என்று எபிரேயத்தில் சொல்வார். சாயந்திரம் ஆனால் இன்னும் மோசம். அவர் மகன் பக்தியானவர். "அம்மா, உனக்கு உடம்பு சரியில்லை, உனக்கு இப்போது கடமை இல்லை, விட்டுவிடு" என்பார். அதைக் கேட்டால் பாட்டி இன்னும் அதிகமாக அழுகிறார். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் நின்று "கோட் ஃபுன் அவ்ரோம்" என்று ஆரம்பித்து ஏதோ தடங்கலே இல்லாமல் சொல்கிறார். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

நான் கிறிஸ்தவப் பெண். அவருக்காக நான் ஜெபிக்கலாமா, அவர்கள் மதத்தில் அது தப்பா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில ராத்திரிகளில் பாட்டி "போதும், என்னைக் கூட்டிக்கொள்" என்று கடவுளிடம் கெஞ்சுகிறார். நான் பக்கத்து அறையில் "ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று ஜெபிக்கிறேன். அவர் போய்விட்டால் என் வேலையும் போய்விடும், ஊரில் வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. பாசமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஜெபத்தைக் கடவுள் கேட்பாரா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாட்டி எந்த நேரத்தில் அழுகிறார், எந்த நேரத்தில் தடங்கல் இல்லாமல் பேசுகிறார் என்று இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறீர்கள். அவர் நல்ல கையில் இருக்கிறார்.

நான் மத ஒப்பியல் படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாக, வயதானவர்களுக்கும் குணமாகாத நோயில் படுத்திருப்பவர்களுக்கும் துணையிருந்து பேசும் ஆலோசகர் வேலை செய்கிறேன். யூதப் பெண் அல்ல. அதனால் இது கூடும், இது கூடாது என்று தீர்ப்பு சொல்லும் உரிமை எனக்கில்லை. அவர்களுடைய நூல்களில் இருப்பதை உங்களுக்குச் சொல்கிறேன். தீர்ப்பு தேவைப்படும் இடத்தில் மகன் தங்கள் மதகுருவான ரப்பியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் மகன் சொல்வதை எடுத்துக்கொள்வோம். "உனக்குக் கடமை இல்லை" என்று அவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் பாட்டியின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். மிஷ்னா என்பது ஏறக்குறைய 1,800 வருடங்களுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பு. நேரம் குறித்துச் செய்ய வேண்டிய சில கடமைகளிலிருந்து அது பெண்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பிரார்த்தனையிலிருந்து தரவில்லை. பெண்களும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாட்டி சின்ன வயதிலிருந்து செய்துவந்தது அந்தக் கடமை. இன்று "உனக்கு வேண்டாம்" என்றால், "வரிசையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டோம்" என்றுதான் அவருக்குக் கேட்கும்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், படுக்கையோடு கிடந்த ஒரு வயதான அம்மா, ஸ்தோத்திரம் பாதியில் மறந்துபோகிறது என்று தவித்தார். "பரவாயில்லை அம்மா, கடவுள் மன்னிப்பார்" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் மன்னிப்பு கேட்கவே இல்லை. தான் சொன்னது கணக்கில் சேருமா என்றுதான் கேட்டார். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

உங்கள் பாட்டியும் அதைத்தான் கேட்கிறார். அதற்கு யூத மரபிலேயே பதில் இருக்கிறது: சேரும்.

பாட்டி எப்படி ஜெபிப்பார் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, நின்றுகொண்டு, உதடு அசைய, சத்தம் இல்லாமல் என்று. அந்த முறை யாரிடமிருந்து வந்தது தெரியுமா? உங்கள் வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வரும் அன்னாளிடமிருந்து. பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் மனம் கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறான். யூத அறிஞர்கள் பிரார்த்தனைக்கு விதி வகுக்க உட்கார்ந்தபோது, ஆசாரியனை விட்டுவிட்டு இந்தப் பெண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மனசுக்குள் பேசினாள், ஆகவே பிரார்த்திப்பவர் மனதை ஒருமுகப்படுத்த வேண்டும். உதடு அசைந்தது, ஆகவே சொற்களை உதட்டால் உருவாக்க வேண்டும். குரல் கேட்கவில்லை, ஆகவே சத்தம் போடக் கூடாது. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் பெரிய நூலான தல்மூதில் இதெல்லாம் அன்னாளைப் பார்த்துக் கற்ற சட்டங்களாகவே பதிவாகியிருக்கிறது. அது மட்டுமல்ல, "இந்த விஷயத்தில் நீர் குரு அல்ல" என்று அவள் ஏலிக்குப் பதில் சொன்னதாகவும் தல்மூத் விரித்துச் சொல்கிறது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுவது இவள் கதைதான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் குழறலாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, பிரார்த்தனைக்கே அளவுகோலாக வைத்த மரபு இது.

பிரார்த்தனையில் மனம் நிற்கும் அந்த நிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் "கவானா". நம் காதுக்குக் "கவனம்" போலவே கேட்கும். இரண்டுக்கும் உறவில்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கும். எபிரேயத்தில் அந்தச் சொல்லின் வேர், ஒன்றை நேராகக் குறிபார்த்துத் திருப்புவதைக் குறிக்கும். 1204-ல் எகிப்தில் காலமான மைமோனிடிஸ் பெரிய சட்ட அறிஞர், மருத்துவரும்கூட. கவானா இல்லாத பிரார்த்தனை பிரார்த்தனையே அல்ல என்று அவர் எழுதினார். கவானா என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் தந்தார்: மற்ற எண்ணங்களை விட்டு மனதைக் காலியாக்கி, கடவுளின் முன்னிலையில் நிற்பதுபோல் தன்னைக் காண்பது. அந்த விளக்கத்தில் ஞாபகசக்தி வருகிறதா பாருங்கள். வரவில்லை. மேலே போகவில்லையே என்று அழுகிறவர் யாருடைய முன்னிலையில் நிற்பதாக நினைத்து அழுகிறார்? அந்த அழுகையில் இருப்பது கவானாதான்.

எருசலேம் தேவாலயம் இடிந்த நாளிலிருந்து பிரார்த்தனையின் வாசல்கள் பூட்டப்பட்டன, ஆனால் கண்ணீரின் வாசல்கள் பூட்டப்படவில்லை என்று ரப்பி எலாசார் சொன்னதாக ஒரு வாக்கு தல்மூதில் இருக்கிறது. பாட்டிக்கு இது நிச்சயம் பழகிய வாக்கியமாக இருக்கும். மகனிடம் சொல்லி, அவர் வாயாலேயே எபிரேயத்தில் அம்மாவுக்குச் சொல்லச் செய்யுங்கள்.

இதயம் தொடும் கதைகளும் நிறைய உண்டு. ஜெபம் தெரியாத ஒரு பாமரன் எபிரேய எழுத்துகளை மட்டும் வரிசையாகச் சொல்லி, "ஆண்டவரே, நீரே சேர்த்துக்கொள்ளும்" என்று கேட்ட கதையை ஹஸிதிய யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் இந்தப் பாட்டிக்கு அதைவிடச் சட்டப் புத்தகம்தான் ஆறுதல் தரும் என்பது என் எண்ணம். அவர் ஜெபம் தெரியாத பாமரர் அல்ல. தெரிந்தவர், இப்போது இழந்துகொண்டிருப்பவர். ஒழுங்காகச் செய்துவந்த ஒருவருக்கு, "நீ செய்வது இப்போதும் ஒழுங்குக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. 16-ம் நூற்றாண்டில், உங்கள் ஹைஃபாவுக்கு அதிக தூரமில்லாத ஸஃபேத் நகரில் வாழ்ந்த யோசேஃப் காரோ தொகுத்த "ஷுல்ஹான் அரூஹ்" என்ற சட்ட நூல்தான் இன்றும் பக்தியுள்ள யூத வீடுகளில் வழிகாட்டி. கவானா இல்லாத நிறைய மன்றாட்டைவிடக் கவானாவோடு கொஞ்சம் மன்றாடுவது மேல் என்று அது ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. நோயாளி ஒருக்களித்துப் படுத்தபடியேகூடப் பிரார்த்திக்கலாம், மனம் ஊன்ற முடிந்தால் போதும் என்கிறது. அந்த இடத்தில் கிராகோவ் நகரத்து ரப்பி மோசே இஸர்லெஸ் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார். பாட்டியின் குடும்பத்தைப் போன்ற கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பின்பற்றுவது அவருடைய குறிப்புகளைத்தான். அவர் சொல்வது இது: பிரார்த்திக்கவே முடியாதவர், மனதுக்குள் நினைத்துக்கொள்ளட்டும். "உங்கள் படுக்கையில் உங்கள் இருதயத்தில் பேசுங்கள்" என்று நாலாம் சங்கீதம் சொல்வதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்.

"விட்டுவிடு" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை பாருங்கள். நிற்க முடியாதா, படு. வாய் வரவில்லையா, மனசு. ஒவ்வொரு படியிலும் அது பிரார்த்தனையாகவே இருக்கிறது. மகன் "கடமை இல்லை" என்பதற்குப் பதிலாக, "அம்மா, நீ இப்போது செய்ததுதான் தெஃபிலா" என்று சொல்லட்டும். தெஃபிலா என்றால் பிரார்த்தனை. சொன்ன பிறகு "ஆமென்" என்றும் சொல்லட்டும்.

மகனிடம் நீங்கள் இதை எப்படிப் பேசுவது என்ற தயக்கம் இருக்கும். வேலை கொடுத்தவர், அவருடைய மதம் வேறு. ஒரே ஒரு சொற்றொடரைக் கற்றுக்கொள்ளுங்கள்: "லூஹோத் வெஷிவ்ரே லூஹோத்". பலகைகளும், பலகைகளின் உடைந்த துண்டுகளும் என்று அர்த்தம். மோசே முதல் கற்பலகைகளைப் பொன் கன்றுக்குட்டியைப் பார்த்த கோபத்தில் உடைத்தார், அப்புறம் இரண்டாவது ஜோடி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உடைந்த துண்டுகள் என்ன ஆயின? தல்மூதின்படி, முழுப் பலகைகளோடு அவையும் அதே உடன்படிக்கைப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன. இதை எதற்காகச் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். ரப்பி யெஹோஷுவா பென் லேவி தன் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது, தன் குற்றமில்லாமல் கற்றதையெல்லாம் மறந்துபோன முதியவரிடம் ஜாக்கிரதையாக, மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்கிறார். அதற்குக் காரணமாகத்தான் இந்தப் பலகைகளைக் காட்டுகிறார். மறதி நோய் என்ற பெயர் மருத்துவத்தில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே உங்கள் பாட்டியை நினைத்துச் சொன்னதுபோல் இருக்கிறது. பக்தியுள்ள மகனுக்கு அந்த மூன்று சொல் போதும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இனி "கோட் ஃபுன் அவ்ரோம்". அது எபிரேயம் இல்லை, யிட்டிஷ். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. "ஆபிரகாமின் கடவுளே, ஈசாக்கின், யாக்கோபின் கடவுளே" என்று ஆரம்பிக்கும் அந்த ஜெபத்தை, சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்து நட்சத்திரங்கள் தெரியும் நேரத்தில் பெண்கள் சொல்வார்கள். அன்பான பரிசுத்த ஓய்வுநாள் போகிறது, வருகிற வாரம் ஆரோக்கியத்தோடும் பிழைப்போடும் நன்மையோடும் வரட்டும் என்று கேட்கும் ஜெபம். 1809-ல் காலமான பெர்டிச்செவ் ரப்பி லேவி இஸ்ஹாக் இயற்றியது என்பது மரபு. ஆனால் பெண்கள் அதைப் புத்தகத்திலிருந்து கற்றதைவிட அம்மாவிடமிருந்து கற்றதே அதிகம். அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று கேட்டுக் கேட்டு மனதில் ஏறியது. மறதி நோயில் கடைசியாகச் சேர்ந்தவை முதலில் போகும். தாய்மொழியில், ராகத்தோடு, சின்ன வயதில் ஏறியவை ரொம்ப நாள் தங்கும். எபிரேயப் புத்தகம் பாட்டியை விட்டு நழுவுகிறது. அம்மா இன்னும் நழுவவில்லை.

யிட்டிஷில் ஜெபித்தால் செல்லுமா என்று யாராவது கேட்டால், மிஷ்னாவே பதில் சொல்லியிருக்கிறது: பிரார்த்தனையை எந்த மொழியிலும் சொல்லலாம். இன்னொரு அழகும் இருக்கிறது. பாட்டி நின்றுகொண்டு சொல்லிவந்த ஜெபத்துக்கு "அமீதா" என்று பெயர், அதில் 19 ஆசீர்வாதங்கள். எல்லாவற்றிலும் மனம் ஊன்ற முடியாதவர் முதல் ஆசீர்வாதத்திலாவது ஊன்றட்டும் என்கிறது ஷுல்ஹான் அரூஹ். அந்த முதல் ஆசீர்வாதத்தின் தொடக்கத்தில் வருவதும் ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள்தான். சனிக்கிழமை ஜன்னலோரம் அவர் சொல்லும் அதே பெயர்கள்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் முழுப் புத்தகத்தையும் கையில் கொடுக்காதீர்கள். அமீதாவின் அந்த முதல் ஆசீர்வாதத்தை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுத் தரும்படி மகனிடம் கேளுங்கள். கண் விழித்ததும் சொல்லும் "மோதா அனி" வெறும் 12 சொல். உயிரை இரக்கத்தோடு திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்வது. குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தரும் ஜெபம், அதனால் அது பாட்டியிடம் இன்னும் இருக்கக்கூடும். மகன் அதைப் பாடிப் பதிவு செய்து தந்தால் காலையில் போட்டுவிடலாம். ராத்திரி படுக்கும்போது "ஷெமா இஸ்ராயேல்", அதாவது "இஸ்ரவேலே, கேள்" என்று ஆரம்பிக்கும் ஜெபம். முதல் வரி ஆறே சொல். சொல்லும்போது வலக்கையால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். சொல் வராத நாளில் கை தானாகக் கண்ணுக்குப் போனால், அது போதும். பிழை திருத்தாதீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், எதிரில் உட்கார்ந்தால் பரீட்சை வைப்பதுபோல் இருக்கும்.

சாயந்திரம் மோசமாகிறது என்றீர்கள். மறதி நோயில் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பயமும் கூடுவது நிறையப் பேரிடம் பார்ப்பது. வெளிச்சம் குறையும் முன்பே விளக்கைப் போடுங்கள், ஜெபத்தைக் காலைக்கும் மத்தியானத்துக்கும் நகர்த்துங்கள். திடீரென ஓரிரு நாளில் ரொம்ப மோசமானால் அதை நோயின் போக்கு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சொல்லத் தெரியாத வலி, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

"போதும், என்னைக் கூட்டிக்கொள்" என்று ராத்திரி கெஞ்சுவதையும் மகனிடமும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஜெபமும்தான், வலி அல்லது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும். அதை மறைத்து வைப்பது பாட்டிக்குச் செய்யும் உதவி ஆகாது.

இப்போது உங்கள் ஜெபத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடைசியில், கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள்.

வேறு மதத்துக்காரர் ஜெபிப்பது தப்பா என்றீர்கள். தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளில் சாலொமோன் ராஜா செய்த நீண்ட ஜெபம் உங்கள் வேதாகமத்திலேயே 1 இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்ரவேலைச் சேராத அந்நியர் தூர தேசத்திலிருந்து வந்து ஜெபித்தால் அதையும் நீர் கேட்டு, அவர் கேட்டதையெல்லாம் செய்யும் என்று அதில் கேட்கிறார். தூர தேசத்திலிருந்து வந்தவர் நீங்கள். தாராளமாக ஜெபியுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பாட்டியின் காதுபட இயேசுவின் பெயரில் ஜெபிக்காதீர்கள், அவர் தலையில் கை வைத்துக் கீர்த்தனை பாடாதீர்கள். அந்தப் பெயரை யூதர்கள் ஜெபத்தில் ஏற்பதில்லை. யாஷ் நகரில் 1941 ஜூன் கடைசியில் ஆயிரக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பாட்டிக்கு அப்போது நாலு வயது இருக்கும். அவர் அந்த நாட்களில் எங்கே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தத் தலைமுறையில் பலருக்குச் சிலுவையும் ஆலய மணியும் பயத்தோடு கலந்த ஞாபகம். மறதி நோயில் அந்தப் பழைய பயம் நேற்று நடந்ததுபோல் திரும்பி வரலாம். உங்கள் விசுவாசம் உங்கள் அறையில் முழுசாக இருக்கட்டும். பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்க ஆசை இருந்தால், மகனிடம் கேட்டுவிட்டு, 121-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளுக்காக யூதர்கள் அதிகமாகச் சொல்லும் சங்கீதங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் தமிழில் மனதுக்குள் வாசியுங்கள், அவர் எபிரேயத்தில் முணுமுணுக்கட்டும்.

நீண்ட ஜெபம் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். தன் அக்கா மிரியாமுக்கு நோய் வந்தபோது மோசே செய்த ஜெபம் எபிரேயத்தில் ஐந்தே சொல்: "ஏல் நா ரெஃபா நா லா". கடவுளே, தயவுசெய்து அவளைக் குணமாக்கும். அதில் மிரியாமின் பெயர்கூட இல்லை. அதை வைத்தே, இன்னொருவருக்காகப் பிரார்த்திக்கும்போது பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று தல்மூத் சொல்கிறது.

சரி, கடன் பயம் கலந்த ஜெபம். நீங்கள் இதை ஒளிக்காமல் எழுதியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மனப்பூர்வமான ஜெபம் என்றாலே சுயநலம் துளியும் இல்லாத ஜெபம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். யூத அறிஞர்கள் அவ்வளவு எளிதாக நினைக்கவில்லை. ஹனினா பென் தோசா என்ற ஏழைப் பக்திமானைப் பற்றி ஒரு சம்பவம் தல்மூதில் வருகிறது. தலையில் உப்பைச் சுமந்து நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. "உலகமே சுகமாக இருக்கிறது, ஹனினா மட்டும் கஷ்டத்தில் இருக்கிறான்" என்றார். மழை நின்றது. வீட்டுக்குப் போனதும், "உலகமே கஷ்டத்தில் இருக்கிறது, ஹனினா மட்டும் சுகமாக இருக்கிறான்" என்றார். மழை திரும்ப வந்தது. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் நினைவூட்டுகிறார்கள். பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் பிரதான ஆசாரியர் செய்யும் சின்ன ஜெபத்தில், "உலகத்துக்கு மழை வேண்டியிருக்கும் நேரத்தில் வழிப்பயணிகளின் ஜெபம் உம்மிடம் வராதிருக்கட்டும்" என்று ஒரு வரி உண்டு. பயணி மழை வேண்டாம் என்று கேட்பது பொய்யான ஜெபம் அல்ல, உள்ளத்திலிருந்து வருவதுதான். ஆனால் அவன் பார்ப்பது தன் தலைச்சுமையை மட்டும். ஹனினா தன் சுமையையும் மறைக்கவில்லை, வீட்டுக்கு வந்தபின் உலகத்தையும் மறக்கவில்லை.

நீங்களும் சுமையை மறைக்க வேண்டாம். "ஆண்டவரே, கடன் இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று அதைத் தனியாக, அதன் பெயரிலேயே கேளுங்கள். பாட்டியின் உயிரோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். வேலை அனுமதி முடிந்தால் என்ன வழி என்பதைப் பாட்டி இருக்கும்போதே மகனிடமும், உங்களை வேலைக்கு அமர்த்திய முகவரிடமும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது துரோகம் ஆகாது. பயம் கொஞ்சம் குறைந்தால் ஜெபத்தில் பாட்டிக்கு இடம் கூடும்.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு அவள்தான் ஞாபகம் வந்தாள். மிஷ்னாவைத் தொகுத்தவர் ரப்பி யெஹூதா ஹநாஸி. அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது அறிஞர்கள் எல்லாரும் உபவாசமிருந்து, அவர் சாகக் கூடாது என்று இடைவிடாமல் ஜெபித்தார்கள். அவர் வீட்டுப் பணிப்பெண் மாடிக்கு ஏறிப்போய், மேலே உள்ளவர்களும் இவரைக் கேட்கிறார்கள், கீழே உள்ளவர்களும் கேட்கிறார்கள், கீழே உள்ளவர்களே ஜெயிக்கட்டும் என்று ஜெபித்தாள். அப்புறம் அவர் படும் பாட்டைப் பார்த்தாள். வயிற்றுக் கோளாறினால் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் ஜெபத்துக்காகக் கையிலும் நெற்றியிலும் கட்டியிருந்த தெஃபிலினை, அதாவது வேதவசனங்கள் வைத்த சின்னத் தோல் பெட்டிகளைக் கழற்றவும் மறுபடி கட்டவும் வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜெபத்தை மாற்றினாள். மேலே உள்ளவர்களே ஜெயிக்கட்டும் என்றாள். அறிஞர்கள் ஜெபத்தை நிறுத்துவதாக இல்லை. ஒரு ஜாடியை எடுத்து மாடியிலிருந்து கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் அவர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். ரப்பியின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

பெரிய பெரிய அறிஞர்களின் ஜெபமும் ஒரு பணிப்பெண்ணின் ஜெபமும் எதிரெதிராக நின்ற அந்த இடத்தில், தல்மூத் அவளை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவர் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பதைப் பார்த்தவள் அவள். 14-ம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் வாழ்ந்த ரப்பேனு நிஸீம், நோயாளி மிகவும் வேதனைப்பட்டு, பிழைக்க வழியே இல்லாதபோது, அவருக்கு விடுதலை கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்க வேண்டிய நேரமும் உண்டு என்று எழுதியபோது, இந்தப் பெண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டினார். இது ஜெபத்தைப் பற்றி மட்டும்தான். உயிரைச் சீக்கிரம் முடிக்க எதுவும் செய்வதை யூதச் சட்டம் அனுமதிப்பதில்லை. மருந்து, சாப்பாடு, டாக்டர் சொன்னது எதையும் நீங்கள் குறைக்கக் கூடாது.

உங்கள் பாட்டி அந்த நிலையில் இருப்பதாக உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை ஜன்னலோரம் எழுந்து நிற்கிறவர் அவர். அதனால் இன்றைக்கு அவர் வாழ வேண்டும் என்று கேளுங்கள். ஒருநாள் உங்கள் ஜெபம் தானாக மாறினால், அது பணத்துக்காக மாறியதா, பாசம் குறைந்ததா என்று உங்களை நீங்களே விசாரணை செய்ய வேண்டாம். இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் நீங்கள்.

கேட்பாரா என்றீர்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று யூத மரபு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லிக் கதறுவது வீண் ஜெபம் என்று மிஷ்னா கண்டிப்பாகவே சொல்கிறது. பாட்டியின் போன ஞாபகத்தைத் திருப்பிக் கேட்பதில் உங்கள் பலத்தைச் செலவழிக்க வேண்டாம். அதே மரபு இன்னொன்றையும் சொல்கிறது: கூரான வாள் கழுத்தில் இருந்தாலும் இரக்கம் கேட்பதை நிறுத்தாதே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நானும் பல வருடங்களாகப் படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிறார் என்றே நம்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை பொழுது சாயும்போது வேலையை முடித்துவிட்டு, பாட்டியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் ஜன்னலோரம் நின்று "கோட் ஃபுன் அவ்ரோம்" சொல்லட்டும். முடித்ததும் நீங்கள் "ஆமென்" சொல்லுங்கள், அந்தச் சொல் உங்களுக்கும் அவருக்கும் பொதுவானதுதான். அப்புறம் "அ குட்டெ வோஹ்" என்று சொல்லிப் பாருங்கள். யிட்டிஷில் "நல்ல வாரமாக அமையட்டும்" என்று அர்த்தம். அவருக்கு யாரும் அதைச் சொல்லி ரொம்ப வருடம் ஆகியிருக்கலாம். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.